மூன்று நாள் மிளகாய்

என் ஜானு,

நீ போய் இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாமல் கேள். உன் நோட்டில் நான் பொய் எழுதினேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும். நீ கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள். நான் கல்யாணங்களுக்குச் சமைக்கிறவன். அரிசி களைந்த நீரை ஊற்றினால் மிளகாய்ச் செடி கொத்துக்கொத்தாய்க் காய்க்கும் என்று கிழக்கேகோட்டை முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான்தான். ஒருநாள் நீ நோட்டும் பேனாவுமாக எதிரே வந்து உட்கார்ந்தாய்.

"கொத்துக்கொத்தான்னா எத்தனை? எதைவிட ஜாஸ்தி?" என்று கேட்டாய்.

நீயே முதல் பக்கத்தில் எழுதினாய்: 'களைந்த நீர் ஊற்றிய பத்துச் செடிகள், வெறும் நீர் ஊற்றிய பத்துச் செடிகளைவிடக் கால் பங்காவது அதிகம் காய்க்கும். இல்லையென்றால் இந்தக் கருதுகோள் தவறு.'

"ஆரம்பிக்கறச்சேயே அபசகுனமா தவறுன்னு எழுதுவாளோ?" என்றேன்.

"எப்போ தோக்கும்னு சொல்லலேன்னா அது கருதுகோளே இல்லை. வெறும் வாய்ப்பந்தல்" என்றாய். விதையும் வாங்கி வைத்தாய். அதற்குள் படுத்துவிட்டாய்.

உன் வருஷாப்திகம் முடிந்த பிறகு மொட்டைமாடியில் இருபது பைகளில் நானே மண் நிரப்பினேன். நல்ல நாற்றாகப் பார்த்துப் பத்தைப் பொறுக்கிக்கொள்ளக் கை துறுதுறுத்தது. ஆனாலும் நீ எழுதியிருந்தபடியே சீட்டுக் குலுக்கிப் போட்டேன். சீட்டு விழுந்த பைகளுக்குச் சிவப்பு நூல் கட்டி, அவற்றுக்கு மட்டும் களைந்த நீர் ஊற்றினேன். பழுத்ததைப் பறித்து எண்ணி, தினமும் எழுதினேன். உன்னோடு பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும் அது.

போன நவராத்திரியில்தான் வந்தது வினை. அஷ்டமி சாயங்காலம் பூஜைக்கு வைக்கும்போது என் கரண்டி, ஜல்லிக்கரண்டியோடு உன் நோட்டையும் சரஸ்வதி படத்தின் முன்னால் வைத்துவிட்டேன். பூஜை எடுக்கும்வரை படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது, இல்லையா? திதி நீண்டுபோய், எடுக்க மூன்று நாளாயிற்று. லீவுக்குக் கழக்கூட்டத்து ஆபீஸ் ஹாஸ்டலிலிருந்து வந்திருந்த நம் பெண் ரேவதி சும்மா இருக்கவில்லை.

"அப்பா, பழுத்ததெல்லாம் உதிர்றது. நானே பறிச்சு வெச்சுட்டேன்" என்றாள். நூல் கட்டினது, கட்டாதது எல்லாம் ஒரே தாம்பாளத்தில் குவிந்து கிடந்தன.

விஜயதசமி காலையில் வித்தியாரம்பத்துக்கு அரிசியில் 'ஹரிஸ்ரீ' எழுதின கையோடு உன் நோட்டைத் திறந்தேன். எந்தக் காய் எந்தச் செடியுடையது என்று யாருக்குத் தெரியும்? 'தெரியவில்லை' என்று எழுதியிருக்கலாம். ஆனால் சிவப்பு நூல் செடிகள் அதுவரை கொஞ்சம்தான் முந்தியிருந்தன. தாம்பாளத்தில் இருந்ததில் முக்கால்வாசியை அவற்றின் பேரில் எழுதிவிட்டேன். நீ ஜெயிக்கவேண்டும் என்று ஆசை. மறைப்பானேன், நானும்தான்.

போன மாதம் உன்னோடு கல்லூரியில் வேலை பார்த்த ஸ்ரீலதா டீச்சர் வந்து எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாள். "சாமீ, நம்ம ஜானு டீச்சர் பறஞ்சது சரியா வந்துடுச்சு, கேட்டோ!" என்று தன் மலையாளத் தமிழில் சொல்லி, சின்னப் பெண் மாதிரி குதித்தாள். கல்லூரிக் கருத்தரங்குக்கான கட்டுரையில் உன் பெயரைத்தான் முதலில் எழுதினாள். அந்தப் பெயரைப் பார்த்ததும் என் பொய்க்கு நீ கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது. அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவள் அந்த மூன்று நாள் கணக்கையும் அடித்துவிட்டு மறுபடி கூட்டினாள். சிவப்பு நூல் செடிகள் கொஞ்சம் கூடத்தான் காய்த்திருந்தன. ஆனால் கால் பங்கை எட்டவில்லை.

"டீச்சர் இருந்திருந்தா சாமியை நல்லா வழக்கு பறஞ்சிருக்கும்" என்றாள்.

"பறயட்டுமே. வந்து திட்டட்டுமே" என்று சொன்னேன், அவ்வளவுதான், உடைந்து அழுதுவிட்டேன். எழுபது வயசுக் கிழவன், மிளகாய்க்காக! ஸ்ரீலதா டீச்சரும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் மிளகாய் மட்டுமா, ஜானு? ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுப் பேசினாரே, அன்றைக்கு நான் உள்ளே வந்ததும் நீ கேட்டாய்: "என்ன சொன்னார்?"

"ரிப்போர்ட் எல்லாம் நன்னாயிருக்கு. ஒரு மாசத்துல ஆத்துக்குப் போயிடலாம்" என்றேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி" என்றாய். தெரிந்துதான் சொன்னாயா? எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பாதவள், என்னை மட்டும் ஏன் விட்டாய்?

அந்த நாட்களில் நீ ரேவதியிடம் பேசவேண்டியது எவ்வளவு இருந்திருக்கும். உன் மாணவிகளைப் பார்க்க ஆசைப்பட்டிருப்பாய். எல்லாவற்றையும் 'வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட வைத்தேன். உன்னால் தாங்கமுடியாது என்று நான் எப்படி நினைத்தேன்? தாங்கமுடியாதவன் நான்தானே.

ஆனியில் மறுபடியும் விதைக்கிறேன். ரேவதி இப்போது வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். தண்ணீர் அவள் ஊற்றுவாள். எந்தப் பைக்கு எது என்று எனக்குச் சொல்லமாட்டாள். பைகளில் எண் மட்டும்தான் இருக்கும். நான் எண்ணுவேன், பூஜை நாளிலும் எண்ணுவேன். சரஸ்வதி கோபித்துக்கொண்டால் நீ பக்கத்தில் இருந்து சமாதானம் சொல்லு.

நேற்று உன் முதல் பக்கத்தில், உன் எழுத்துக்குக் கீழே, 'கருதுகோள் தவறு' என்று என் கையால் எழுதினேன். இனிமேல் உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், இது சத்தியம்.

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாய் அல்லவா? 'அதிகம் போனால் ஆறு வாரம்' என்றார், ஜானு.

உன் ஆத்துக்காரன்,
வைத்தி