உன் பேரில் நட்ட கன்றுகள்

என் செல்ல அக்காவுக்கு,

பாப்பா இப்பதான் கண் அசந்தாள். ஜுரம் அடிக்குதோன்னு திரும்பத் திரும்ப நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். நீ இருந்தா, "பயந்தாங்கொள்ளி, புள்ளைய தூங்க விடுடி"ன்னு திட்டியிருப்பே.

உன் முதல் நினைவு நாள் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு. தொண்டூர் ரோட்டுல, நீ மீட்டெடுத்த மேய்க்கால் புல்வெளியிலதான் ஊர்க்காரங்க நடத்தினாங்க. பெரிய பேனர். புல்லுக்குள்ள குந்திக்கிட்டு ஆள்காட்டிக் குருவி முட்டையைக் காட்டுவியே, அந்தப் போட்டோ. உன்னை மட்டும் வெட்டியெடுத்து, பின்னாடி ஏதோ மலைக்காட்டை ஒட்டியிருந்தாங்க. ஒரு புல்லுகூட இல்லை.

அப்புறம் குழி தோண்டினாங்க, அக்கா. புல்வெளி முழுக்க மரக்கன்று. உன் ஞாபகமாம்.

ஊர்த் தலைவர்கிட்ட ஓடினேன். "வேண்டாங்க. வேலிகாத்தான் முள்ளை வேரோட பிடுங்கிப் பிடுங்கித்தான் அக்கா இந்தப் புல்லை வரவழைச்சா. வெட்டவெளியா இருந்தாத்தான் ஆள்காட்டி தரையில முட்டை வைக்கும். நிழல் விழுந்தா புல்லும் போயிடும், குருவியும் போயிடும்."

"இன்னாம்மா, படிச்ச பொண்ணு நீ. மரம் வேணாம்னு சொல்ற ஆளை இப்பதான் பார்க்கிறேன்."

ஆட்டுக்கார மாமா என் காதோரம் வந்தார். "விடும்மா. நம்ம ஆடுங்க ஒரே வாரத்துல கதைய முடிச்சிடும்." சிரிப்பு வந்துது. கொஞ்சம் நம்பிக்கையும். மறுநாளே சுத்தி முள்கம்பி போட்டு, கேட்டு வச்சுப் பூட்டிட்டாங்க. குஞ்சு பொரிச்சதும் ஆடுங்களை உள்ளே விடுவியே, இனி அதுவும் கிடையாது. மேய ஆடில்லாம புல்லு முத்திச் சாயுது.

கலெக்டர் ஆபீசுக்கும் போனேன். பொறுமையா கேட்டாங்க. கிளம்பும்போது பாப்பா கையில ஒரு வேப்பங்கன்று கொடுத்து அனுப்பினாங்க.

அந்தக் கேட்டுச் சாவி யார்கிட்ட இருக்குது தெரியுமா? அம்மாகிட்ட. தினமும் ஷேர் ஆட்டோவுல குடத்தோட போறா. உன் பேர் எழுதின கன்றுக்குத் தண்ணி ஊத்தறா. "உங்கக்காவுக்கே ஊத்தற மாதிரி இருக்குதுடி"ங்கிறா. நீ போனதுல இருந்து சோத்துல சரியா கை வைக்காம கிடந்தவ, அது துளிர் விட்ட அன்னிக்குத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா.

போன வாரம் அந்தச் சாவியை எடுத்துக்கிட்டு நான் போனேன். முதல்ல உன் கன்றைப் பிடுங்கணும், அப்புறம் மத்ததெல்லாம்னு நினைச்சுத்தான் போனேன். தண்டைப் பிடிச்சுட்டேன். விரல்ல குங்குமம் ஒட்டுச்சு. அம்மா வச்ச பொட்டு. நீயா இருந்தா பிடுங்கியிருப்பியா? எனக்குக் கை வரலை. பூட்டிட்டு வந்துட்டேன்.

முன்னெல்லாம் நாம உள்ளே கால் வச்சாலே ஆள்காட்டி தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்துமே, அன்னிக்கு ஒண்ணுகூட கத்தலை.

இனி அது திரும்பும்னு சொல்லி உன்னை ஏமாத்த மாட்டேன். மரம் வளரும். அம்மா இப்பவே பாப்பாவுக்கு "பெரியம்மா மரம்"னு காட்டிக் கொடுக்கிறா. அம்மா இருக்கிறவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருப்பேன். அதுக்கப்புறம் அந்த நிழல்ல பாப்பாவை நிறுத்தி, "உங்க பெரியம்மா காப்பாத்தினது இந்த மரம் இல்லை, இதுக்கு அடியில செத்துப்போன புல்லு"ன்னு சொல்லிடுவேன். அது ஒண்ணுதான் என்னால சத்தியம் பண்ண முடியுது.

உன் கூடப் பிறந்தும் உன் தைரியம் வாய்க்காத
தங்கச்சி