எழுதாமலே எழுதினேன் என்ற நிரல்

ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. பல்கனியில் காயப்போட்ட உடுப்பெல்லாம் கடற்காற்றில் பிசுபிசு. ரமணன் வேலைக்குப் போனபின் மாமி திரும்ப அலசி ஹோலில் கயிறு கட்டிவிட்டார். தலையில் ஈரத் துவாய் இடிக்க இடிக்க வேலை.

கேர்னல் எழுதுபவர்களின் மெயிலிங் லிஸ்டில் ஹென்றிக் என்பவரின் மாற்றங்கள், ஒரு பெரிய கட்டு. கம்பியூட்டரின் அடிமூல நிரலான கேர்னல், ஃபைலில் எழுதும் வழியையே திருத்தி அமைக்கிறார். சேர்ந்துவிட்டால், டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் எல்லா ஃபைல் சிஸ்டமும் இனி இந்த வழியால்தான் எழுதும். பழைய கோட் கரடுமுரடு. இவருடையது அழகு. பொறாமைப்படும் அழகு. பெரிய ஆட்கள் இருவர் ஏற்கெனவே “பார்த்தோம், சரி” போட்டாயிற்று. அடுத்த கிழமை சேர்ப்பார்களாம்.

பின்னேரம் சுதன் அண்ணா கோல். டீம் லீட் என்றாலும் கொட்டாஞ்சேனையில் வளர்ந்த ஆள், பேச்சில் சுற்றிவளைப்பு இல்லை.

“தங்கச்சி, இந்த ரிவியூ வேலைய இந்த மாசத்தோட நிப்பாட்டுவம். கம்பெனிக்கு அதால என்ன பிரயோசனம் எண்டு மேல கேக்கினம். கிளையண்ட் வேலை குமிஞ்சு கிடக்கு.”

“ஓம் அண்ணா.”

போனை வைத்த பிறகுதான் கோபம். ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதும் கேர்னல் கோடை வாசித்துப் பிழை பார்க்கலாம் என்றுதானே இந்தக் கம்பெனிக்கு வந்தேன். ஏன் ஓம் என்றேன்?

ஜூன் 4, புதன்

கொள்ளுப்பிட்டி ஒஃபிஸ். பஸ்ஸில் நின்றபடி போனில் வாசிப்பு. ஹென்றிக்கின் கட்டில் நாலாவது மாற்றம் உறுத்துகிறது.

எனக்கே தெளிவாக: புரோகிராம் “இதை எழுது” என்கிறது. கேர்னல் இடத்தைத் தயார் பண்ணும், டேட்டாவைக் கொப்பி பண்ணும், எவ்வளவு சேர்ந்தது என்று ஃபைல் சிஸ்டத்தைக் கேட்கும். கொப்பி பாதியில் நின்றால் பாதிதான் என்று பதில் வரும். மிச்சத்தைத் திரும்ப எழுதலாம். ஹென்றிக் அந்தப் பதிலைச் சுருக்கிவிட்டார். இனி இரண்டே பதில்: சரி, அல்லது பிழை. பாதி வந்தாலும் “சரி”. மிச்ச இடத்தில் வெறும் பூச்சியங்கள்.

மூன்று தரம் வாசித்தேன். நான் பிழையாக விளங்குகிறேனா?

வீட்டில் மாமி வெண்டிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டார், “ஏன் முகம் ஒரு மாதிரி?” சொன்னேன்.

“அப்ப எழுதாமலே எழுதினன் எண்டு சொல்லுது?”

“ஓம் மாமி.”

“ஆருக்கும் தெரியாது?”

“ஃபைலைத் திறந்து பாக்கேக்கதான் தெரியும்.”

“அப்ப சொல்லு. உனக்கு வாய் இருக்குதானே.”

லிஸ்டுக்கு மெயில் போட்டேன். நாலு வசனம்தான். 

ஜூன் 5, வியாழன்

ஹென்றிக்கின் பதில் வந்தது. மரியாதையாக, மறுத்து. “கொப்பி தொடங்குமுன் அந்த மெமரியை நாம் தொட்டுத் தயாராக வைக்கிறோம். பாதியில் நிற்க வழியே இல்லை. இருந்தால் காட்டுங்கள்.”

சுதன் அண்ணா மெயிலைப் பார்த்துவிட்டு மேசைக்கே வந்தார். “அந்தாள் இதிலயே ஊறின ஆள். நீர் பிழையெண்டு வந்தா கம்பெனி பேரும் சேர்ந்து போகும். விடும்.”

“காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார் அண்ணா. காட்டுறன்.”

வாயிலிருந்து வந்தபிறகுதான் எனக்கே தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை. “திங்கள் வரைக்கும்” என்றார்.

ஜூன் 6, வெள்ளி

டெஸ்ட் எழுதினேன். எழுதப்போகும் டேட்டாவை இன்னொரு ஃபைலில் இருந்து எடுக்கும்படி வைத்தேன். தொட்டு வைத்ததற்கும் கொப்பி பண்ணுவதற்கும் இடையில் கேர்னல் அந்த மெமரியை வேறு தேவைக்குப் பறித்துக்கொண்டால் கொப்பி நிற்க வேண்டும். பறிக்கவில்லை. நாள் முழுக்க ஓடியது. எல்லாம் சரி, சரி, சரி.

கண் எரிச்சல். தேத்தண்ணீர் கணக்கில்லை. ஹென்றிக் சொன்னதுதான் உண்மையோ?

ரமணன் இரத்மலானை வேலையில் இருந்து நனைந்து வந்து சொன்னது: “கோடைத் திரும்ப வாசிச்சா என்ன தோணுது?”

“பிழை எண்டுதான்.”

“அப்ப டெஸ்ட்தான் சரியில்ல.”

கணவன் என்று இருந்தால் இப்படி.

ஜூன் 7, சனி

மழை விட்டது. சந்தைக்குப் போகவில்லை, ரமணனை அனுப்பினேன்.

காலைப் பலகாரத்துக்கு முன்பே பொறி தட்டியது. என் டெஸ்ட் மெஷினுக்கு மெமரி தாராளம். அது ஏன் பறிக்கப்போகிறது? மெமரியைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். மூச்சு முட்டும் அளவுக்குக் குறைத்து ஓடவிட்டேன்.

சரி. சரி. சரி.

பிறகு: எழுதியதாகச் சொன்னது ஒன்று. ஃபைலில் இருந்தது வேறு. நடுவில் வரிசையாகப் பூச்சியங்கள்!

கத்திவிட்டேன். மாமி அகப்பையோடு ஓடி வந்தார்.

“என்ன, பல்லியா?”

“பூச்சியம் மாமி! பூச்சியம் வந்திட்டுது!”

“பூச்சியம் வந்ததுக்கு ஆரும் இப்பிடித் துள்ளுவினமோ?”

அவர் இடுப்பைப் பிடித்து ஒரு சுற்று. அகப்பைச் சாம்பார் சுவரில்.

திரும்ப ஓட்டினேன், வந்தது. மாற்றத்தை எடுத்துவிட்டு ஓட்டினேன், வரவில்லை. டெஸ்ட், முடிவு, திருத்தம் எல்லாம் சேர்த்து அனுப்பினேன். “நினைக்கிறேன்” “ஒருவேளை” எல்லாவற்றையும் வெட்டிவிட்டுத்தான் அனுப்பினேன்.

ஜூன் 9, திங்கள்

ஹென்றிக்: “நீங்கள் சொன்னது சரி, நான் சொன்னது பிழை. மூன்று ஃபைல் சிஸ்டத்தில் உங்கள் டெஸ்டை ஓட்டினேன். மூன்றிலும் டேட்டா காணாமல் போகிறது. இந்தக் கட்டை மீளப்பெறுகிறேன். உங்கள் திருத்தத்தோடு புதிது அனுப்புவேன். சேர்வதற்கு முன் பிடித்ததற்கு நன்றி.”

“சரி” போட்ட இருவரில் ஒருவரும் எழுதியிருந்தார்: நானும் கவனிக்கவில்லை.

ஒஃபிஸ் பாத்ரூமுக்குள் போய் நின்று சிரித்தேன். வெளியே வந்தால் சுதன் அண்ணா, கையில் கடலை வடைப் பார்சல்.

“மேல அந்த மெயில வாசிச்சிட்டினம். எங்கட ஆளா இது எண்டு கேக்கினம்.”

“அப்ப மாசக் கடைசி?”

“என்ன மாசக் கடைசி? கிழமையில ரெண்டு நாள் உமக்கு ரிவியூதான். வேற ஒருத்தரும் தொடமாட்டினம்.” பிறகு வடையைப் பார்த்துக்கொண்டே, “நான் விடச் சொன்னனான். நீர் விடேல்ல. நல்லது.”

வடை அவ்வளவு ருசி.

ஜூன் 10, செவ்வாய், பொசன் போயா

பௌத்தர்களின் முழுநிலா நாள், லீவு. வீதியெல்லாம் வெளிச்சக்கூடு. ரமணனும் மாமியும் கடலோரக் காலி வீதியின் தன்சல் பந்தலில் வரிசையில் நின்று இலவச ஐஸ்கிறீம் வாங்கி வந்தார்கள், எனக்கும் ஒன்று.

புதிய கட்டு வந்துவிட்டது. திருத்தத்தில் என் பெயர், முழுப்பெயர், எழுத்துப்பிழை இல்லாமல். கீழே ஹென்றிக்கின் தனி மெயில்: கேர்னல் ஃபைலை வாசிக்கும் பகுதியையும் மாற்றி எழுதுகிறாராம். லிஸ்டுக்குப் போடுமுன் முதலில் நான் பார்க்க வேண்டுமாம்.

திறந்துவிட்டேன்.

“பிள்ளை, ஐஸ்கிறீம் உருகுது!”

உருகட்டும். இரண்டாவது மாற்றத்திலேயே ஒன்று இடிக்கிறது.