சனிக்கிழமை மாத்திரை

அன்புள்ள நைனாவுக்கு,

குவைத்திலிருந்து உங்கள் மகள் தேவசேனாவின் வணக்கம். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவே எரிச்சலாக இருக்கிறது. போனில் கேட்டால் "நல்லாக்கீறேன்மா" என்று வைத்துவிடுகிறீர்கள். தம்பி பிரபாகர்தான் உண்மையைச் சொன்னான்.

"வாரத்துக்கு ஒரு மாத்திரன்னு டாக்டர் சொன்னாரு. நைனா சனிக்கெழம பெருமாள் வெரதத்துல, வெறும் துளசித் தண்ணியில முழுங்கிக்கினு இருந்தாரு. முட்டி வலி போகலன்னு இப்ப தெனம் ஒண்ணு போட்டுக்கினு வாந்தி எடுக்கறாரு."

இது நியாயமா, நைனா? திருப்பதி டாக்டர் சாப்பிட்ட பிறகு போடச் சொன்னாரா இல்லையா? வைட்டமின் டி, நெய்யோ எண்ணெயோ சேர்ந்த சாப்பாட்டோடுதான் உடம்பில் நன்றாகச் சேரும். மாத்திரையையும் பட்டினி போடச் சொல்லிப் பெருமாள் கேட்டாரா? அது பலிக்கவில்லை என்று அறுபதாயிரம் யூனிட் மாத்திரையைத் தினமும் விழுங்குவதா? சிறுநீரகமே கெட்டுப்போகும்!

இன்றே நிறுத்துங்கள். நாளைக்கே நகரியிலிருந்து பஸ் ஏறிப் போய், தினம் போட்டதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தத்தில் கால்சியம் பார்க்கட்டும்.

போன வாரம் தையல் மெஷினை விட்டு எழுந்தபோது நானும் கொஞ்சம் தள்ளாடினேன். பயப்பட ஒன்றுமில்லை. இத்தனை வெயில் கொளுத்தும் ஊரில், வெயிலே படாமல் உள்ளே தைக்கிற எனக்கும் அதே மாத்திரைதான் என்று இங்குள்ள டாக்டர் எழுதிக் கொடுத்தார். நாள் முழுக்க நீங்கள் அடைந்து கிடக்கிற தறிக்கொட்டகை மாதிரிதான் இந்தத் தையல் கம்பெனியும்.

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. மதியம் நெய்ச்சோறு சாப்பிட்டுவிட்டுப் போடுகிறேன். டாக்டர் மறுபடி எழுதிக் கொடுத்தால் நீங்களும் வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வீடியோவில் தட்டைக் காட்ட வேண்டும், ஏமாற்றக் கூடாது. தனியாகச் சாப்பிட்டு எனக்கும் அலுத்துவிட்டது.

கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது.

கோபம் தீராத,
தேவசேனா