பூவரசங் கதியாலும் பக்கத்து மாமரமும்

வைகாசி, சனிக்கிழமை இரவு.

கக்கூசிலை தண்ணி இறங்கீட்டுது. அப்பாடா.

ஒரு கிழமையாய் அடைச்சுக்கொண்டு கிடந்தது. பக்கத்து வீட்டுப் பரமேசக்காவின்ரை மாமரத்து வேர்தான் பைப்புக்குள்ளை பூந்திட்டுது, மரத்தைத் தறிக்கச் சொல்லப்போறன் எண்டு இவர் ஒற்றைக்காலிலை நிண்டவர். அந்த மனிசியோடை நாங்கள் ஒருநாளும் முகம் முறிச்சதில்லை.

"முதல் கிண்டிப் பாருங்கோ, பிறகு போய்க் கதையுங்கோ" எண்டன்.

இண்டைக்குக் கிண்டிப் பாத்தம். பைப்புப் பொருத்துக்குள்ளை தும்புக்கட்டு மாதிரி வேர். அது போன வழியைப் பிடிச்சுக்கொண்டு போனால், மாமரப் பக்கமே போகேல்லை. எங்கடை வேலிக்குத்தான் வந்தது. பைப்பை மறைக்கவெண்டு அதோடை ஒட்டி வேலித்தடியாய் இவரே வெட்டி நட்ட பூவரசங் கதியால்! நல்லாத் தழைச்சிட்டுதெண்டு வாறவை போறவைக்கெல்லாம் காட்டினவர். அதைப் பிடுங்கி எறிஞ்சுபோட்டு, பைப்பை மாத்தினார். அந்த இடத்திலை இனிச் சீமெந்துத் தூண்தான்.

பின்னேரம் பரமேசக்கா வேலிக்கு மேலாலை கறுத்தக்கொழும்பான் மாம்பழம் நாலு நீட்டினா.

"என்ன, காலமை தொட்டுக் கிண்டுறியள்?"

"சும்மா, வேலி அலுவல் அக்கா" எண்டார் இவர்.

பழத்தை வெட்டினன். தறிக்க நிண்ட மனிசன்தான் கொட்டையையும் விடாமல் சூப்பினது.