ஜேர்மனிக்கு வெள்ளிக்கிழமை

12 ஏப்ரல் 97, சனி

காலையில் பனித்தூறல். சித்திரை பிறக்கப் போகிறது, இன்னும் கோட்டுக் கழற்றவில்லை. தேவாரம் படித்து, விளக்கு வைத்து, கீழே வந்தால் சாப்பாட்டு மேசை முழுக்க ஐரோப்பா தேசப்படம், மப். மகன் சுதன் விரித்து வைத்திருக்கிறான். ஒரு மூலைக்கு உப்புப் போத்தல், மறு மூலைக்கு என் ஊறுகாய். தேத்தண்ணி வைக்க இடமில்லை.

பயணம் ஆடி மாதம். லண்டன் வரை பிளேன். அங்கே சுதனின் சிநேகிதன் தன் வான் வண்டியைத் தருகிறான். வானோடு கப்பலில் ஏறி அக்கரை. பிறகு பெல்ஜியம், ஜேர்மனி, சுவிஸ், கடைசியில் பரிஸ். திரும்ப லண்டன். சிவப்புப் பேனையால் கோடு கீறிக் காட்டினான். இங்கே மல்வேர்னில் இருந்து பக்கத்துப் பிக்கரிங் போவதற்கே பாதை தவறுகிற பிள்ளை.

பரிஸில் பெரியண்ணையின் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்தியச் சடங்கு. பிந்திக் கலியாணம் கட்டியவர், ஒரே பிள்ளை. மாமி என்று தண்ணீர் வார்க்க வேண்டியது நான். இந்தப் பயணமே அதற்குத்தான். ஆடியில் சடங்கு செய்வார்களா என்று கேட்டேன். வாடகைக்கு ஹோல் அப்போதுதான் கிடைத்ததாம்.

ஜேர்மனியில் தங்கச்சி மலர். கோடு அவள் ஊருக்கு மேலாலேயே போகிறது.

சீலைக்குச் சட்டை தைக்கக் கொடுக்க வேண்டும். கால் வீக்கக் குளிசை. திருநீறு ஒரு பை.

13, ஞாயிறு

மலரைப் பற்றிச் சுதனுக்கு இன்று சொன்னேன். கேட்டுக்கொண்டே ஷூ துடைத்தான்.

அவள் முடித்த பெடியன் எங்கள் ஆட்கள் இல்லை. பெற்ற அப்புவும் அண்ணையும் அன்றோடு விலக்கிவிட்டார்கள். மற்றவர்களும் போக்குவரத்தில்லை, நானும் இல்லை. இப்போது இருவரும் ஜேர்மனியில், ஒரு மகன். அகதி வழக்கு இன்னும் முடியவில்லை, அதனால் அந்த நாட்டை விட்டு வெளிக்கிட ஏலாது. பரிஸுக்கோ லண்டனுக்கோ அவளைக் கூப்பிட்டுப் பார்க்க வழியில்லை. நாங்கள் போனால்தான் உண்டு.

சுதன் கேட்டது: "அப்ப எத்தினை நாள் நிக்கிறம் அங்கை?"

ஒரு பின்னேரம் காணும் என்றேன்.

14, திங்கள்

வருசப்பிறப்பு. கோவிலில் சனம் தாங்காது. மருத்துநீர் முடிந்துவிட்டது, தலையில் இரண்டு துளிதான் வைத்தார்கள்.

அண்ணை பரிஸில் இருந்து போன் எடுத்தார். வாழ்த்து, சளி, ஹோல், மாலைக்கு ஓடர். பிறகு நான்தான் வாயைக் கொடுத்தேன், ஜேர்மனி வழியால் வருகிறோம் என்று. பிறகு சொன்னார்:

"பாக்கிறதெண்டாப் பார். சகோதரம்தானே. ஆனா அங்கை கை நனைக்காதை. நனைச்சிட்டு வந்து என்ர பிள்ளைக்குத் தண்ணி வார்க்கேலாது."

ஓம் என்றேன். அப்படித்தான் வாயில் வந்தது.

சுதனின் அப்பா, இவர், ரீவியைப் பார்த்துக்கொண்டே எல்லாம் கேட்டிருக்கிறார். "உம்மட அண்ணை பரிஸிலை கோப்பை கழுவேக்கை ஆரின்ர எச்சில் எண்டு கேட்டே கழுவினவர்?" என்றார். வருசப்பிறப்பும் அதுவுமாய் வீட்டில் சண்டை வேண்டாம் என்று பாயாசத்தை நீட்டினேன்.

18, வெள்ளி

மழை. விரதம். வெள்ளிக்கிழமைகளில் பகல் முழுக்க ஒன்றும் இல்லை, இருட்டினபிறகு ஒரு நேரம். ஒரு வெள்ளியும் தவறவிடமாட்டேன்.

தோசைக்கு அரைத்துக்கொண்டு நிற்கும்போது யோசனை வந்தது. மலர் வீட்டுக்குப் போகிற நாள் வெள்ளிக்கிழமையாக இருந்தால் விரதம். சாப்பிடு என்று அவளும் கேட்க மாட்டாள், நானும் இல்லை என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு பக்கமும் கோபமில்லை. முருகன்தான் காட்டினான். கலண்டரைக் கழற்றி வந்து பார்த்தேன். நல்ல ஆடி வெள்ளி ஒன்று வருகிறது.

சுதன் வேலையால் வந்ததும் சொன்னேன். அவனுக்கு விருப்பமில்லை.

"அம்மா, வெள்ளி பின்னேரம் ஜேர்மன் ரோட்டிலை போனா மாட்டுப்படுவம். ஞாயிறெண்டா லொறி ஓடாது, சும்மா பறக்கலாம். முதல் சுவிஸ், பிறகு ஜேர்மனி, அதுதான் சுகம்."

வெள்ளி என்றேன். ஏன் என்றான். நேர்த்தி என்றேன். நேர்த்தி என்றால் பிறகு கேட்கமாட்டான். பெல்ஜியத்தில் ஒரு இரவைக் குறைத்துப் புதுக்கோடு, நீலப் பேனை.

இரவு புட்டு. பசியில் கொஞ்சம் கூடுதலாய்ச் சாப்பிட்டுவிட்டேன்.

20, ஞாயிறு

வெயில். சட்டை தைக்கிற பிள்ளை கை இறுக்கிப்போட்டாள், திரும்பக் கொடுத்தேன். வானில் கொண்டுபோக: அரிசிமா, மிளகாய்த்தூள், சின்ன சோஸ்பான், சுடுதண்ணிப் போத்தல். ஜேர்மனியில் இருந்து வெளிக்கிட்ட பிறகு விரதம் முடிக்கப் பாலும் வாழைப்பழமும். வானுக்குள்ளேயே முடிக்கலாம். இவருக்கு வேறாக இறைச்சி ரோல்ஸ், வேறு பெட்டி.

22, செவ்வாய்

மலருக்கு எடுத்தேன். போன் கார்ட் இரண்டு தரம் கட்டாகி மூன்றாம் தரம். குரல் அம்மாவின் குரல். அதை எதிர்பார்க்கவில்லை.

அவள் அழவில்லை. எத்தனை பேர், எத்தனை மணிக்கு, வான் நிற்பாட்ட வீட்டுக்குப் பின்னால் இடமிருக்கு, எல்லாம் வரிசையாய்ச் சொன்னாள். கட்டில் ஒன்று பக்கத்து வீட்டில் வாங்குவாளாம். எந்த நாள் என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை என்றேன்.

"வெள்ளியோ" என்றாள். பிறகு, "நானும் வெள்ளி பிடிக்கிறனான் அக்கா. மீன், இறைச்சி, ஒரு மச்சமும் படாத சட்டி புறம்பா வைச்சிருக்கிறன். இருட்டினாப்போலை ரெண்டு பேரும் ஒண்டா முடிப்பம்."

இதை நான் யோசிக்கவே இல்லை. அவளும் அதே அம்மா பெற்ற பிள்ளைதானே. இருட்டுமுன் வெளிக்கிட வேண்டும், சுவிஸ் தூரம் என்று சொன்னேன். ஆடியில் அங்கே இருட்ட இரவு பத்து மணி ஆகுமாம். அதைச் சொல்லிவிட்டு அவளே நிறுத்திவிட்டாள். பிறகு சின்னக் குரலில்:

"விளங்குது அக்கா. நான் சாப்பாடு ஒண்டும் தரமாட்டன். வந்து இருந்திட்டுப் போங்கோ. என்ர பெடியன் பெரியம்மா எண்டு ஒராளைக் கண்டதில்லை."

கார்ட் முடிகிறது என்று போனுக்குள் வெள்ளைக்காரி சொன்னாள். வைத்தோம்.

பின்னேரம் வெந்தயக்குழம்பு. உப்பில்லை என்று எனக்கே தெரிந்தது.

25, வெள்ளி

கோவில். ஸ்காபரோ பஸ்ஸில் குளிர். பூசை முடிய அன்னதானம், விரதகாரருக்கு இரவுச் சாப்பாடு அங்கேதான். நிலத்தில் வரிசையாய் இருந்தோம், கடுதாசித் தட்டு. சோறு போட்ட பெண் கட்டையாய், கையில் பிளாஸ்ரர். காணும் என்றேன், கேட்காமல் இன்னொரு அகப்பை போட்டாள். சாம்பார் நல்ல திறம்.

எனக்குப் பக்கத்தில் இருந்த கமலாக்கா குனிந்து கேட்டா: "உவ எந்தப் பகுதி, ஆரின்ர ஆக்களாம்?"

தெரியாது என்றேன். தட்டைப் பார்த்தேன். முடிந்திருந்தது. எத்தனையோ வருசமாய் அந்த வரிசையில் இருந்து சாப்பிடுகிறேன், ஒருநாளும் கேட்டதில்லை.

வரும்போது கமலாக்கா தன் மருமகளைப் பற்றி. பஸ் வரும்வரை அதுதான்.

27, ஞாயிறு

உடுப்புத் தோய்த்தது. இவருக்கு முதுகு வலி. கந்தசஷ்டி கவசம் படிக்கும்போது இரண்டு தரம் இடையில் விட்டுப்போயிற்று. முதலில் இருந்து தொடங்கினேன்.

சுவாமிக்கு என்று பிடிக்கிற விரதம். ஒருவர் வீட்டில் சாப்பிடாமல் தப்ப அதைப் பிடிக்கலாமா என்று ஐயரிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. பதில் தெரியும்.

சுதனிடம், ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்று என்றேன். "நேர்த்தி?" என்றான். அது நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பச்சைப் பேனை. இப்போது மப்பில் ஜேர்மனிக்கு மூன்று கோடு.

3 மே, சனி

அண்ணைக்குச் சொல்லாமல் செய்தால் அது களவு. காலையில் எடுத்தேன். பரிஸில் பின்னேரம். மணவறை ஆள் ஏமாற்றிவிட்டான் என்று தொடங்கினார். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னேன்.

"அண்ணை, நான் மலர் வீட்டிலை சாப்பிடுவன்."

கோபத்தில் கத்துவார் என்றுதான் இருந்தேன். கத்தவில்லை. பின்னால் பிள்ளை ஏதோ பிரெஞ்சில் கதைக்கிற சத்தம். மூச்சு விட்டார்.

"அப்ப தண்ணி வார்க்க வேறை மாமியைப் பாக்கிறன்."

"வேறை மாமி அவள்தான் அண்ணை" என்றேன்.

வைத்துவிட்டார்.

பருப்பு அடிப்பிடித்துவிட்டது, சட்டியை ஊறப்போட்டேன். சுதன் வந்து மேசையடியில் நின்றான். பரிஸுக்கு என்ன செய்வது என்று கேட்டான். கோட்டை அழிக்காதே, சடங்கன்று ஹோல் வாசலில் நின்றாவது பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவோம் என்றேன். இவர் ரீவியை நிற்பாட்டினார். தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து தந்தார். சீனி கூடிவிட்டது.

4, ஞாயிறு

நல்ல வெயில். பின் கதவு திறந்து வைத்தோம்.

மலருக்கு எடுத்தேன். வெள்ளி இல்லை, ஞாயிறு வருகிறோம், பின்னேரம் போல, இரவு நிற்போம் என்றேன்.

"விரதம்?" என்றாள்.

"ஞாயிறிலை என்ன விரதம். மச்சம் காச்சு."

அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, அண்ணைக்குத் தெரியுமோ என்றாள். ஓம் என்றேன். என்ன சொன்னவர் என்று கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சினாள். சட்டி மூடியை எடுத்து வைக்கிற சத்தம்.

"சுதன் உறைப்புத் தின்பானோ அக்கா?"