7.86-இல் முடியும் முகவரி

உன் கடை மேசைமேல் வெள்ளை வெளேரென்று ஒரு புது ரவுட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, மச்சான்.

நீ கண்மூடிய பிறகு பரங்கிப்பேட்டை கம்ப்யூட்டர் சென்டரை உன் மனைவிதான் பார்த்துக்கொள்கிறாள். இன்று காலை நான் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது போன் செய்தாள். "அண்ணே, புது கனெக்‌ஷன் மாட்ட வந்தவரு, நெட் வரலன்னு கம்ப்யூட்டரையே அழிச்சி ஃபார்மேட் பண்ணணுங்கிறாரு. பண்ணச் சொல்லவா?"

உன் மகள் பிறந்ததிலிருந்து நீ எடுத்த படமெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தானே கிடக்கிறது! "யாரையும் கை வைக்க விடாதம்மா, இதோ வரேன்" என்று கத்தினேன்.

எத்தனை தடவை சொல்லியிருப்பேன், இன்னொரு காப்பி எடுத்து வையென்று? "அட போடா, விண்டோஸ் மாதிரியா இது, என் லினக்ஸுக்கு ஒண்ணும் ஆவாது" என்பாய். லினக்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது உனக்குத்தான்.

வந்து பார்த்தால் அந்த ஆள் உன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "யாரு சார் இப்புடி ஒரு அட்ரஸ் போட்டது? கிறுக்கனா இருப்பான் போல. லினக்ஸே இப்படித்தான், அழிச்சிட்டு வேற போட்டுக்கலாம்" என்கிறான். அதுவும் உன் மனைவியை எதிரில் வைத்துக்கொண்டு! "எழுந்திரிய்யா மொதல்ல" என்றேன்.

அவன் கிறுக்கு என்றது 192.168.7.86-ஐ. கடை திறந்த அன்று நெட்வொர்க்கில் இந்தப் பெட்டிக்கு நாம் போட்ட முகவரி. பைக் நம்பர், போன் நம்பர் எல்லாம் பிஸ்மில்லாவைக் குறிக்கும் 786-இல் முடிகிற வீடு உங்களுடையது. இதை மட்டும் விடுவாயா? கடைசி எண்ணை 786 என்று அடித்தாய். பெட்டி ஏற்கவில்லை.

"ஏன்டா சேவ் ஆவ மாட்டேங்குது?"

"255-க்கு மேல போவாதுடா."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. 786 இல்லாம கடை தொறக்க மாட்டேன்."

சொந்தக்காரர்களெல்லாம் வாசலில் காத்துக்கிடக்க, நடுவில் ஒரு புள்ளி வைத்து 7.86 ஆக்கி உன்னை அடக்கினேன். பழைய ரவுட்டரின் மூன்றாவது எண்ணையும் 7-க்கு மாற்றினோம். இந்தப் புது ரவுட்டர் அந்த இடத்தில் 1 வைத்துக்கொண்டு பேசுகிறது, பெட்டி 7-லேயே நிற்கிறது. அவ்வளவுதான் கோளாறு. நெட்வொர்க் செட்டிங்கைத் திறந்து கொஞ்சம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கப் பொறுமையில்லை, அழிக்க மட்டும் என்ன அவசரம்!

மேனுவலில் இருந்த முகவரியை ஆட்டோமேட்டிக்காக்கினேன். நெட் வந்துவிட்டது.

"அவரு போட்ட நம்பரு போயிடுச்சாண்ணே?" என்றாள் உன் மனைவி.

அதற்கப்புறம் எனக்கு மனசு கேட்கவில்லை. ரவுட்டருக்குள் நுழைந்து அதை 7-க்குக் கொண்டுவந்தேன். பெட்டிக்குப் பழைய எண்ணையே திருப்பிக் கொடுத்தேன். வந்தவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

பிறகு ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி வந்து படங்களையெல்லாம் காப்பி எடுத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த உன் மகள் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பெருநாள் சட்டை, கடற்கரை, அவளுடைய முதல் சைக்கிள், சிரித்து நிற்கிற அவள் உம்மா. எல்லாம் பார்த்து முடித்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"மாமா, வாப்பா எதுலயுமே இல்லியே?"

கேமரா எப்போதும் உன் கையில்தான். "நீ போய் நில்லுடா, நான் எடுக்குறேன்" என்று கேட்டால், "என் மூஞ்சி எங்கடா போயிடப் போவுது?" என்பாய்.

போய்விட்டதே, பாவி.