பெறாத பயிற்சியின் சான்றிதழைத் திருப்பி அனுப்புதல்

அனுப்புநர்:
சி. வளர்மதி,
நூலகர், மேட்டுத்தெரு கிளை நூலகம்,
வடக்குத்து, நெய்வேலி.

பெறுநர்:
பயிற்சி அலுவலர் அவர்கள்,
நூலகப் பணியாளர் பயிற்சிப் பிரிவு,
கடலூர்.

பொருள்: இணையப் பயன்பாட்டுப் பயிற்சி – நடக்காமலே நடந்ததாகப் பதிவு – மீண்டும் நடத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது முந்தைய இரு மனுக்களும், "தாங்கள் ஏற்கனவே பயிற்சி பெற்றவர்" என்ற தங்களின் இரு பதில்களும்.

மதிப்பிற்குரிய ஐயா,

இது மூன்றாவது மனு. முதல் இரண்டில் எழுதக் கூசியதை இதில் எழுதிவிடுகிறேன்.

1. கடந்த ஆண்டு மார்ச்சில் நடந்த ஒருநாள் பயிற்சிக்கு நானும் வந்திருந்தேன். கணினிகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. பாஸ்வேர்டு தெரிந்தவர் விடுப்பில் இருந்தார். காலையில் வரவேற்புரை, மதியம் எலுமிச்சை சாதம், மாலையில் குழுப் புகைப்படம். இணையத்தில் மெய் எது, போலி எது என்று கண்டறியக் கற்றுக்கொண்டதாக எழுதியிருந்த தாளில் முப்பத்திரண்டு பேரும் கையொப்பமிட்டோம். எனக்குப் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம்.

2. வேலைவாய்ப்பு அறிவிப்பு எதுவானாலும் அச்செடுத்து, நூலக முத்திரை குத்தித்தான் பலகையில் ஒட்டுவது எங்கள் வழக்கம். இங்கே வீட்டுக்கு ஒருவராவது சுரங்கத்தில் கான்ட்ராக்ட். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருகிறவர்கள் முத்திரையைப் பார்த்துவிட்டுத்தான் அறிவிப்பைப் படம் எடுப்பார்கள். முத்திரை இருந்தால் மேற்கொண்டு விசாரிக்க மாட்டார்கள்.

3. கடந்த ஜூனில் சுரங்க அப்ரண்டிஸ் அறிவிப்பைத் தேடி, முதலில் வந்த பக்கத்தைத் திறந்தேன். நிறுவனத்தின் சின்னம் இருந்தது, தமிழும் நன்றாகவே இருந்தது. முத்திரை குத்தி ஒட்டினேன். அது போலிப் பக்கம். பதினோரு பேர் தங்கள் சான்றிதழ்களை அதில் ஏற்றினார்கள். டிப்ளமோ முடித்த சாஹிராவுக்கு நானே உட்கார்ந்து ஏற்றிக் கொடுத்தேன். உண்மையான அறிவிப்பின் கடைசி நாள் கடந்து ஒன்பது நாள் கழித்துத்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

4. சாஹிரா என்னைத் திட்டியிருந்தால் தேவலாம். "வுடுங்கக்கா, நீங்க வேணும்னேவா செஞ்சீங்க?" என்று எனக்கே தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அன்றே முத்திரையை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பலகை காலியாகவே இருக்கிறது.

5. இப்போது மறுபடியும் அறிவிப்பு. கடைசி நாள் இம்மாதம் 24. இதை விட்டால், வயது வரம்பின்படி சாஹிராவுக்கு இனி வாய்ப்பு இல்லை. அவர் செல்போனில் இரண்டு பக்கங்கள் இருக்கின்றன, இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எங்கு விசாரித்தாலும் எல்லாம் ஆன்லைனில்தான் என்கிறார்கள். "எது நெசம்னு பாத்துச் சொல்லுங்கக்கா" என்று தினமும் வந்து நிற்கிறார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை ஐயா. வெட்கமாக இருக்கிறது, அலுப்பாகவும் இருக்கிறது.

ஆகவே, 24ஆம் தேதிக்கு முன்பாக, உறை பிரித்த கணினியின் முன்னால், விவரம் தெரிந்த ஒருவரை வைத்து எங்களுக்குக் கற்றுத்தர வேண்டுகிறேன். பொய்யாகக் கையொப்பமிட்டதற்கு என்மீது நடவடிக்கை எடுப்பதானால் எடுங்கள்; பயிற்சிக்குப் பிறகு எடுங்கள். அசல் சான்றிதழை இத்துடன் திருப்பி அனுப்பியுள்ளேன்.

ஜூனுக்குப் பிறகு முதல்முறையாக இழுப்பறையைத் திறந்து, கீழே நூலக முத்திரையைக் குத்தியிருக்கிறேன். இந்தத் தாளில் உள்ளது அத்தனையும் மெய் என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

இடம்: வடக்குத்து
நாள்: 10.11.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சி. வளர்மதி
(நூலக முத்திரை)